அப்பா பேக் அழுத்துகிறார்

"அமுக்கிட்டேன்டே, இப்ப என்ன செய்ய?" என்கிறார் அப்பா. மணி இரண்டு இருபது. கோவில்பட்டி வீட்டின் முன்னறையில் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு, மடியில் டேப்லெட்டை வைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்து ஸ்டூலில் சாய்த்து வைத்திருப்பார். ஃபேனின் கடகடப்பு அவர் குரலைவிடச் சத்தமாகக் கேட்கிறது. நான் சென்னையில், ஆபீஸின் நான்காவது மாடியில், தண்ணீர் கேனுக்கும் படிக்கட்டுக் கதவுக்கும் நடுவே நிற்கிறேன். ஏசி நேராகப் பிடரியில் அடிக்கிறது, சாப்பிட்ட தயிர்சாதம் இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது. என்ன செய்ய என்றால் என்ன சொல்ல. அதைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் படுங்கள் என்று சொல்லலாம், கேட்கிற ஆளா அவர். மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர், நாய் குரைத்த வீட்டிலும் எண்ணைப் பார்க்காமல் திரும்பியதில்லை என்று இன்றைக்கும் பெருமை அடித்துக்கொள்வார். மூன்று மணிக்குச் சிவகாசியில் இருந்து போன் வரும். கோமதி அக்காவைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று கேட்பார்கள். அதற்குள் அந்தச் சிவகாசிக்காரரின் விவரத்தை அவர் இன்னொரு தடவை படித்தாக வேண்டும், முதல் மனைவி இறந்து எத்தனை வருஷம், பிள்ளை ஒன்றா இரண்டா. அது நேற்று அவர் தேடி எடுத்து வைத்த பட்டியலில் இருக்கிறது, இன்றைக்குத் திறந்தால் பட்டியலைக் காணோம், வேறு என்னவோ நிற்கிறது. காணாமப் போகாதுப்பா, மேல இடது பக்கம் பேக் அம்பு இருக்கும், அமுக்குங்க, வந்துரும். சொன்னது நான்தான். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்.

வந்துரும் என்று எனக்குத் தெரியாதா, அதை எழுதியவனே நான். இந்தக் கல்யாணத் தளத்தில் வரன் தேடும் பக்கம் என் பொறுப்பு. முன்பெல்லாம் ஆட்கள் வயது, ஊர், படிப்பு என்று பத்து ஃபில்டர் போட்டுத் தேடுவார்கள், ஒரு படத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் எல்லாம் அழிந்து முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் போன் போட்டுத் திட்டினார்கள். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. பக்கத்தில் என்ன தேர்ந்தெடுத்தாலும் அது உடனுக்குடன் மேலே முகவரி வரியில், அதாவது யுஆர்எல்லில், ஏறிவிடும். வயதை மாற்றினால் யுஆர்எல்லில் வயது மாறும், ஊரை எடுத்தால் அங்கேயும் ஊர் போய்விடும். அப்புறம் பக்கத்தை மூடித் திறந்தாலும், பேக் அழுத்தினாலும் விட்ட இடம் விட்டபடியே வரும். இரண்டு வாரத்துக்கு முன்னால் அது வெளியானபோது முதல் வேலையாக அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். உங்களுக்காகவே செஞ்ச மாதிரிப்பா. அப்பாவுக்கு மகா சந்தோஷம், தெருவில் நாலு பேரிடம் சொல்லியிருப்பார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் சொதப்பிவிட்டேன். யுஆர்எல்லை மாற்றுவதற்கு இரண்டு வழி. புஷ் என்றால் ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதிய படி, பேக் அழுத்தினால் ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். ரீப்ளேஸ் என்றால் இருக்கிற படியின் மேலேயே திருத்தி எழுதிவிடும், தடம் இருக்காது. பெயரை அடித்துத் தேடும் பெட்டிக்கு ரீப்ளேஸ் போட்டிருக்க வேண்டும், புஷ் போட்டுவிட்டேன். அதனால் ஒரு பெயரை அடித்தால் ஒவ்வோர் எழுத்தும் ஒரு படி. அழித்தால் அழித்ததும் ஒவ்வொன்றும் ஒரு படி. எங்கள் டெஸ்டர் ஹசீனா மூன்றாம் நாளே கண்டுபிடித்து எழுதியிருந்தாள், ஏழு எழுத்து அடித்தால் வெளியேற ஏழு தடவை பேக் அழுத்த வேண்டியிருக்கிறது என்று. யார் உட்கார்ந்து அத்தனை தடவை அழுத்தப் போகிறார்கள், மெதுவாகப் பார்க்கலாம் என்று பதில் போட்டேன். யார் அழுத்துவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"மதம் கிறிஸ்தவம்னு போட்டுருக்குடே," என்கிறார். "மாவட்டம் முதல்ல தூத்துக்குடின்னு இருந்துச்சு. ஒருக்கா அமுக்கினேன், கன்னியாகுமரின்னு வருது. வயசு நாப்பத்திமூணுலருந்து நாப்பத்தஞ்சு. நான் எங்கடே இதெல்லாம் போட்டேன்?" அவர் போடவில்லை. அவர் போடுவது நம்ம ஆட்கள், நம்ம பக்கத்து ஊர், நாற்பத்தைந்துக்கு மேல் ஐம்பதுக்குள். அம்மா அந்த டேப்லெட்டைத் தொடவே மாட்டாள், சார்ஜில் இருந்தால் ஷாக் அடிக்கும் என்று மின்வாரியக்காரரின் மனைவியாக இருந்துகொண்டே சொல்வாள். அந்த வீட்டில் மூன்றே பேர். மூன்றில் இரண்டு போனால் மீதி யார் என்று கணக்குப் போட நான் கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. அக்காவா. மூன்று வருஷமாகக் கல்யாணப் பேச்சை எடுத்தாலே தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிற அக்கா, போன வாரம் உங்க இஷ்டம் என்று ஒரே வார்த்தை சொன்னாள், அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சிவகாசிக்குச் சொல்லிவிட்டார், நானும் அப்பாடா என்று இருந்துவிட்டேன். வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குக் காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவாள், அதற்கு முன்னால் அப்பா வாக்கிங் போகிற அந்த அரை மணி நேரம், அப்போதுதான் எடுத்திருப்பாள். ஏன் அந்த டேப்லெட்டில், சொந்த போனில் தேடக்கூடாதா என்றால் கணக்கு அப்பா பெயரில்தான் இருக்கிறது, கடவுச்சொல் அவருக்கு மட்டும்தான் தெரியும். "அது கோளாறுப்பா," என்று என் வாய் சொல்கிறது. "வேற யாரோ தேடுனது உங்க கணக்குல கலந்துருச்சு. எங்க கம்பெனில சில சமயம் அப்படி ஆகுது." ஆகவே ஆகாது. ஒருவர் தேடியது இன்னொருவருக்குப் போக வழியே இல்லை, யாராவது அப்படிச் சொன்னால் ஹசீனா கைகொட்டிச் சிரிப்பாள். ஆனால் அப்பா நம்புவார், நான் சொன்னால் நம்புவார். "அப்படியா, அடுத்தவன் வீட்டு மீட்டர் நம்ம பில்லுல ஏறுன மாதிரியா?" என்கிறார். "அதேதாம்ப்பா. நீங்க மேல அந்த வீடு மாதிரி இருக்குல்ல, அதை அமுக்குங்க, எல்லாம் போயிரும்." "போனா என் பட்டியலும்லா போயிரும்? நீதானே சொன்ன, பேக் அமுக்குனா விட்ட எடம் வரும்னு." நான்தான் சொன்னேன். பொழுதுக்கும் நான்தான் எதையாவது சொல்லித் தொலைக்கிறேன்.

இன்னும் அமுக்குகிறார். வயது போய்விட்டது, மாவட்டம் போய்விட்டது, மதம் போய்விட்டது, ஒவ்வொன்றையும் வாசிக்கிறார், மீட்டர் வாசிக்கிற குரல், ஏற்ற இறக்கம் கிடையாது. "இப்ப ஒண்ணுமே இல்ல, எல்லா ஆம்பளைங்க படமும் வருது. எத்தனை ஆளுங்கடே." சரி, இதோடு முடிந்துவிடக் கூடாதா, அடுத்தது அவர் பட்டியலாக இருக்கக் கூடாதா என்று நான் இங்கே படிக்கட்டுக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "தேடுற பெட்டில ஒரு எழுத்து வந்துருக்கு. ஜ." பின்னால் போகிறோம் அல்லவா, அழித்தது எல்லாம் இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். "ஜெ." கடைசியாக அழித்த எழுத்து முதலில் வருகிறது. "ஜெப." எனக்குத் தெரிந்துவிட்டது. இதற்குமேல் அவர் அமுக்க வேண்டியதில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது, நிறுத்துங்கப்பா, ஆனால் ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வேன், யாரோ ஒருத்தி தேடியதுதானே. எனக்குப் பதினாறு வயது. அக்கா நாகர்கோவிலில் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்திருந்தாள், சாமான்களைத் தூக்கிவர அப்பா என்னை அனுப்பினார். ஹாஸ்டல் வாசலில் ஒருவர் நின்றிருந்தார், ஒல்லி, கட்டம் போட்ட சட்டை, அக்காவின் பெட்டியைத் தோளில் வைத்து வடசேரி பஸ் நிலையம்வரை நடந்தார், நான் கேட்கவே இல்லை, எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். திராட்சைக் கலர். நான் குடித்துப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்வரை கடைக்காரரோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். என் பேரு ஜெபசிங், தம்பி, நல்லாப் படிங்க. பஸ் கிளம்பியபிறகு அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள், "அவரைப் பாத்ததா வீட்ல சொல்லிராத தம்பி." சொல்லவில்லை. ஒன்பது மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆனது, மாமா நல்ல மனிதர்தான், ஆறாவது வருஷம் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார், அக்கா ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள், பதினோரு வருஷம் ஆகிறது. நான் ஒருநாளும் எதையும் கேட்கவில்லை. இருக்கிற இடம் தெரியாமல் இருந்துவிடுவதில் நான் கெட்டிக்காரன், இன்றைக்கு வரைக்கும் அதற்கு நல்ல பிள்ளை என்று பெயர். "ஜெபசிங்," என்கிறார் அப்பா. "முழுப் பேரும் வந்துட்டு. கீழ, முடிவுகள் எதுவும் இல்லைன்னு போட்டுருக்கு."

முடிவுகள் எதுவும் இல்லை. அந்த வாசகம்கூட நான் எழுதியது, முன்பு வேறு என்னவோ இருந்தது, நீளமாக இருக்கிறது என்று நான்தான் வெட்டினேன். அவள் என்ன நினைத்து அந்தப் பெயரை அடித்தாள், அவர் இந்தத் தளத்தில் இருந்தால் அவரும் தனியாக இருக்கிறார் என்று அர்த்தம், அதைத் தெரிந்துகொள்ளத்தானே. நாற்பது வயதில், சிவகாசிக்கு உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்ட பிறகு, அவர்கள் வருவதற்குள் ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நினைத்திருப்பாள். இல்லை என்று வந்திருக்கிறது. இல்லை என்றால் கல்யாணம் ஆகி நாலு பிள்ளைகளோடு இருக்கலாம், துபாயில் இருக்கலாம், செத்துக்கூடப் போயிருக்கலாம். அல்லது இங்கேயே இருக்கலாம், பெயரை மறைத்து வைத்திருக்கிற ஆண்கள் பெயர்த் தேடலில் வரமாட்டார்கள், அது அவளுக்கு எப்படித் தெரியும். அதனால்தான் அப்புறம் மதம், மாவட்டம், வயது என்று போட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறாள். "ஏலே, மறுபடி ஒவ்வொரு எழுத்தா கொறையுது," என்கிறார் அப்பா. "ஜெபசி. ஜெப. ஜெ. போயிட்டு. இல்ல இல்ல, மறுபடியும் ஜ வருது." மறுபடியுமா. ஒரு தடவை அடித்து அழித்துவிட்டு மறுபடியும் அடித்தாளா, எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று நினைத்திருப்பாள், மெதுவாக அடித்தால் கிடைக்கும் என்று நினைத்திருப்பாள், நானும் அப்படித்தான் செய்வேன், சாவியைத் தொலைத்தால் பார்த்த சட்டைப்பையையே பத்துத் தடவை பார்ப்பேன். என் மேஜைக்கு ஓடிப்போய் அந்த வரியைத் திறந்து புஷ்ஷை எடுத்துவிட்டு ரீப்ளேஸ் என்று மாற்றலாம், ஒரே சொல், பத்து விநாடி. மாற்றி என்ன. இனிமேல் அடிக்கிறவர்களுக்குத்தான் அது. அந்த டேப்லெட்டில் ஏறிவிட்டது ஏறினதுதான், இங்கிருந்து ஒரு படியைக்கூட என்னால் எடுக்க முடியாது. ஹசீனா டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறாள், என் முகத்தைப் பார்த்து "என்னாச்சு, வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?" என்கிறாள். நல்லாத்தான் இருக்காங்க என்று தலையை ஆட்டுகிறேன். அவள் போகிறாள். கூப்பிட்டு நிறுத்தி, நீ சொன்னது சரி, அழுத்துகிறார்கள், என் அப்பாவே அழுத்துகிறார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. போனில் அப்பா இப்போது வாசிப்பதை நிறுத்திவிட்டார். விரல் கண்ணாடியில் படுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. டொக். டொக். இடைவெளி மட்டும் கொஞ்சம் கூடிக்கொண்டே போகிறது. அவர் என்ன நினைக்கிறார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியுமா, அந்தக் காலத்தில் யாராவது ஏதாவது சொல்லித்தான் அவ்வளவு அவசரமாகக் கல்யாணத்தை வைத்தாரா, இல்லை ஜாதகத்தில் சொன்னார்கள் என்று சொன்னது நிஜமா. இந்தப் பதினெட்டு வருஷத்தில் இதை நான் யோசித்தே பார்த்ததில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. எனக்குக் கேவலமாக இருக்கிறது.

"வந்துட்டுடே," என்கிறார் கடைசியில். "நம்ம பட்டியல். சிவகாசிக்காரரும் இருக்காரு." நல்லதுப்பா. "மொத்தம் நாப்பத்தொம்பது தடவை அமுக்கியிருக்கேன்." எண்ணியிருக்கிறார், எண்ணாமல் இருப்பாரா. வச்சிரட்டுமாப்பா, மீட்டிங் இருக்கு என்கிறேன், மீட்டிங் எதுவும் இல்லை. அவர் காதில் வாங்கவில்லை. "அந்தப் புள்ள மூணு தடவை அந்தப் பேரை அடிச்சிருக்குடே. மூணு தடவையும் ஒவ்வொரு எழுத்தா அழிச்சிருக்கு." புள்ள என்கிறார். நான் யாரோ என்றுதான் சொன்னேன், ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை, ஆனால் மாப்பிள்ளை தேடுகிற பக்கம்தானே, பெண்தான் தேடியிருப்பாள், அதனால் சொல்கிறார், அவ்வளவுதான், அவ்வளவேதான். "ஆமாப்பா," என்கிறேன். "வீட்ல வாயத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா," என்கிறார். ஃபேன் கடகடக்கிறது. "எல்லா அப்பன்மாரும் எப்பவும் ஒரே மாதிரியேவா இருப்பாங்க? வயசாகுதுல்லா." சொல்லிவிடலாம். கோளாறு எதுவும் இல்லைப்பா, அது அக்கா, அந்த ஆளை நான் பார்த்திருக்கிறேன், நல்ல மாதிரி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், தேடினால் எங்கேயாவது கிடைப்பார், சிவகாசிக்குக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அக்கா ரகசியம் போய்விடும், அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான், வேறு எதையும் என்னிடம் அவள் கேட்டதே இல்லை. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை. அவளுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்றால் ரத்தம் எடுக்கிற நேரத்தில் போனைப் பையில் போட்டு வைத்துவிடுவாள், நாலு மணிக்குத்தான் பார்ப்பாள், மணி இப்போது இரண்டு ஐம்பத்தாறு. "ஏன்டே, உங்க கம்பெனில பாத்து அது யாருன்னு சொல்ல முடியுமா?" என்கிறார் அப்பா. குரல் மீட்டர் வாசிக்கிற குரலாக இல்லை. "முடியாதுப்பா. அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது." நான் காத்திருக்கிறேன். இன்னும் ஒரு தடவை கேட்டால் சொல்லிவிடுவேன் என்று நிஜமாகவே நினைக்கிறேன்.

"ஒனக்குமா தெரியாது?" என்று கேட்கிறார்.

கைப்பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்து நிற்கிறேன். எதிரே கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். வாயைத் திறக்கிறேன். "தெரியாதுப்பா."

"சரிடே," என்கிறார் அப்பா. "அப்ப ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிருதேன்."